ஏழாம் மேசையில் குறையே இல்லை

அந்தப் பூட்டுத் தொழிற்சாலைக்குத் தரம் வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு. அதற்கு முந்தின முப்பத்தொரு வருஷமும் அங்கே வெறும் பூட்டுதான் செய்துகொண்டிருந்தார்கள், பாவம்.

தரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தர அதிகாரி. எங்கேயோ மூன்று வாரம் பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, பச்சைப் பட்டை என்று ஒரு பட்டம் வாங்கிவந்தவர். சட்டைப்பையில் நாலு நிறத்தில் நாலு பேனா. வந்த அன்றைக்கே எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிற்கவைத்து, வலது கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி வாங்கினார். "குறையை நான் வெறுக்கிறேன்! குறையை நான் எண்ணுகிறேன்! எண்ணியதை நான் வரைகிறேன்!" என்று நூற்றுப்பத்துப் பேர் சேர்ந்து முழங்கியதில் கூரைமேல் இருந்த புறாக்கள் அத்தனையும் எழுந்து பறந்துவிட்டன. குறையைச் சரிசெய்கிறேன் என்று உறுதிமொழியில் ஒரு வரிகூட இல்லை என்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. வெயில் அப்படி.

மூன்றாவது வரிசையில் நின்று முழங்கியவர்களில் சாவியக்காவும் ஒருத்தி. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் எங்கேயோ இருக்கிறது. பதினெட்டு வருஷமாக எல்லோரும் கூப்பிடுவது சாவியக்கா என்றுதான். ஏழாம் மேசை அவளுடையது. செய்து முடித்த கதவுப் பூட்டு எதுவானாலும் கடைசியாக அவள் கைக்கு வந்தாக வேண்டும். மூன்று சாவியையும் ஒவ்வொன்றாகப் போட்டுத் திருப்புவாள். அப்புறம் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் வைத்து இன்னொரு தடவை திருப்புவாள். சுண்டுவிரலுக்கு வழிவிடாத பூட்டு அவளைப் பொறுத்தவரை பூட்டே இல்லை. காய்ச்சலில் கிடக்கிறவர்களும் கதவைத் திறக்க வேண்டுமா, இல்லையா?

எதிர் நாற்காலியில் அரத்தண்ணன். முரண்டு பிடிக்கிற பூட்டை அவள் மேசையின் குறுக்கே தள்ளுவாள். அவர் பிரித்து, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மூடித் திருப்பித் தள்ளுவார். ஒரு நாளைக்கு நூற்றிருபது பூட்டு வந்தால் மூன்றோ நாலோ இப்படிக் குறுக்கே போய்த் திரும்பும். அவ்வளவுதான் விஷயம், பேச்சுகூடக் கிடையாது. அவளைவிட ஆறு வயது மூத்தவர் அவர். இருந்தும் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். யார் யாருக்கு மூத்தவர் என்று இருவருமே கவலைப்பட்டதில்லை.

தொழிற்சாலைக்கும் அவள் வீட்டுக்கும் பத்து நிமிஷ நடை. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவாள். வீட்டுக்காரர் தையல்காரர், முன்னறைதான் கடை. கை சுத்தமான வேலைக்காரர், ஆனால் போன வருஷமே முதுகு மக்கர் பண்ணிவிட்டது. மெஷினில் உட்கார்ந்து தைப்பார். தரையில் விரித்துக் குனிந்து துணி வெட்ட முடியாது. அவர் கட்டிலில் உட்கார்ந்து அளவைச் சொல்லச் சொல்ல, இவள் அரை மணியில் வெட்டிப் போட்டுவிட்டு ஓடிவருவாள். அந்த அரை மணி இல்லையென்றால் அந்த வீட்டில் மெஷின் ஓடாது.

அன்றைக்கு மத்தியானம் வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"புதுசா ஒருத்தர் வந்திருக்காருங்க. பச்சைப் பட்டையாம்."

"கராத்தேயா?"

"இல்லைங்க, தரமாம்."

"அடிப்பாரா?"

"எண்ணுவாராம்."

"அதுக்கு அடியே தேவலாம்" என்றார் தையல்காரர். அந்த மனுஷர் வாய்க்கு எப்பவும் சர்க்கரை போடலாம்.

மறுநாள் ஏழாம் மேசைக்கு ஒரு தாள் வந்தது. தினமும் எத்தனை பூட்டு கெட்டுப்போயிற்று என்று எழுத வேண்டும். சாவியக்கா பொய் சொல்லத் தெரியாதவள். அவள் மேசையைத் தாண்டி ஒரு கெட்ட பூட்டும் போவதில்லை. ஆகவே செவ்வாய் பூஜ்யம், புதன் பூஜ்யம் என்று அடுத்த திங்கள்வரை வட்டம் வட்டமாக எழுதிவைத்தாள். தாளைப் பார்த்த தர அதிகாரியின் முகம், பரீட்சை முடிவில் தன் நம்பரைக் காணாதவர் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"என்னம்மா இது, ஆறு பூஜ்யம்?"

"ஒண்ணும் கெட்டுப்போகல சார்."

"அதெப்படி?"

"முரண்டு பிடிச்சா அண்ணன் சரி பண்ணிடுவாரு சார்."

"எப்போ?"

"அப்பவே."

"அப்பவேன்னா?" அவர் சிவப்புப் பேனாவை உருவினார். "எழுதாமலா? எண்ணாமலா? யாரு குடுத்த அதிகாரத்துல சரி பண்றீங்க?"

அரத்தண்ணன் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். திருடிப் பிடிபட்டவர் மாதிரி இருந்தது அவருக்கு.

"பூஜ்யத்துக்கு ரெண்டே அர்த்தம்தாம்மா" என்று தர அதிகாரி பொறுமையாக விளக்கினார். "ஒண்ணு, நீங்க பொய் சொல்றீங்க. இல்லேன்னா, உங்களுக்கு முன்னேற இடமே இல்ல. முன்னேற இடமில்லாத மேசை ஒரு நிறுவனத்துக்கு எதுக்கு?"

அதை அவர் சும்மா கேட்கவில்லை. அடுத்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். மூன்று மாதத்தில் பெரிய தணிக்கை. பச்சைக்கும் மேலே கறுப்புப் பட்டை வாங்கிய தணிக்கையாளர் ஒருவர் நேரிலே வருவார். அதற்குள் எந்த மேசையின் குறைக்கோடு, அதாவது தினக் குறைகளை வைத்து வரையும் வரைபடக் கோடு, கீழே இறங்கவில்லையோ அந்த மேசை எடுக்கப்படும். அதில் இருப்பவர்கள் அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள். கிடங்கு ஊருக்கு வெளியே, இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய இடம். அதைப் படித்த சாவியக்காவுக்கு முதலில் கண்முன் வந்தது தரையில் விரித்துக் கிடக்கும் துணியும், கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரும்தான்.

மாதக் கடைசியில், குறையைக் குறைத்த பிரிவுக்கு என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். மெருகுப் பிரிவுக்குக் கிடைத்தது. முதலாளியே மேடையேறினார். நல்ல மனுஷர்தான், ஆனால் யார் எழுதிக் கொடுத்தாலும் படித்துவிடுவார். "நாளைக்கு நாற்பது பூட்டைக் கீறிக்கொண்டிருந்த மெருகுப் பிரிவு, இன்று முப்பதை மட்டுமே கீறுகிறது. இதுவல்லவா சாதனை! ஒன்றையுமே கீறாமல் சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன பெருமை இருக்கிறது?" என்று முழங்கினார். எல்லோரும் ஏழாம் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மெருகுப் பிரிவுத் தலைவர் கேடயத்தை வாங்கித் துடைத்துப் பார்த்தார். அதிலும் ஒரு கீறல் விழுந்தது.

"அக்கா, குறுக்கே வர்றதை எழுதிடுவோம்" என்றார் அரத்தண்ணன். "மூணுன்னா மூணு. அது பொய்யில்லையே."

எழுதினார்கள். மூன்று, நாலு, மூன்று, மூன்று, நாலு. தர அதிகாரி கோடு வரைந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆரம்பமே இவ்வளவு தாழ்வாக இருந்தால் எங்கேயிருந்து இறங்குவது? அதோடு கோடு ரொம்ப ஒழுங்காக வேறு இருக்கிறது; இயற்கையில் இப்படி இருக்காதாம். அவர் ஏதோ கணக்குப் போட்டு மேலே ஒரு சிவப்பு எல்லைக்கோடும் கீழே ஒரு சிவப்பு எல்லைக்கோடும் போட்டார். கீழ்க்கோடு மைனஸ் இரண்டில் போய் விழுந்தது.

"மைனஸ் ரெண்டு பூட்டு கெட்டுப்போறதுன்னா எப்படி சார்?" என்று சாவியக்கா உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"அது புள்ளியியல்மா. உங்களுக்குப் புரியாது" என்றார் அவர். பிறகு நேர்மையாக, "எனக்கும் அந்தப் பாடத்தன்னிக்குப் பல்லு வலி" என்று சேர்த்துக்கொண்டார்.

இன்னொரு நாள் வந்து, எண்பது சதவீதக் குறைக்கு இருபது சதவீதம் பேர்தான் காரணம் என்றார். இந்த மேசையில் இருப்பது இரண்டு பேர். ஆகவே இருபது சதவீதம் என்பது புள்ளி நாலு ஆள். அந்தப் புள்ளி நாலு யார்? அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நானா இருக்கும் சார்" என்று அரத்தண்ணன் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். தர அதிகாரி அதை எழுதிக்கொண்டு, பத்து லட்சம் பூட்டுக்கு மூன்று புள்ளி நாலு குறைதான் இறுதி இலக்கு என்று அறிவித்தார். சாவியக்கா விரல்விட்டு எண்ணினாள். "நாங்க பத்து லட்சம் பூட்டு பாக்க இருபத்தெட்டு வருஷம் ஆகும் சார். எனக்குப் பத்து வருஷத்துல ஓய்வு. அண்ணனுக்கு நாலு வருஷத்துல."

"இலக்குக்கு வயசு கிடையாதும்மா" என்றார்.

வீட்டில் இதைச் சொல்லிக் கண்ணைக் கசக்கினாள். தையல்காரர் தலைமாட்டில் இருந்த பொத்தான் டப்பாவை எடுத்தார். கறுப்புப் பொத்தானும் வெள்ளைப் பொத்தானும் கலந்து போட்டார். "தெனம் காலைல கண்ணை மூடிக்கிட்டு ஒரு கை அள்ளு. கறுப்பு எத்தனையோ அத்தனை பூட்டு கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். வாரத்துக்கு வாரம் நான் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடறேன்."

"ஏங்க, இது மோசடி இல்லையா?"

"மைனஸ் ரெண்டை விடவா?"

பத்தொன்பது, பதினாலு, பதினெட்டு, பன்னிரண்டு என்று பொத்தான் சொன்னபடி தாள் நிறைந்தது. தர அதிகாரி வரைந்து பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏறுகிறது, இறங்குகிறது, எல்லைக்குள்ளேயே துள்ளுகிறது, மொத்தத்தில் சரிகிறது. "இந்தக் கோட்டுக்கு உயிர் இருக்கும்மா" என்றபோது அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. பிரேம் போட்டு மாட்டினார். சாவியக்கா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதி ரெண்டு நாள்கூட நிலைக்கவில்லை. கோட்டுக்குச் சான்று வேண்டுமாம். கெட்ட பூட்டுகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, தணிக்கையாளருக்குக் காட்ட வேண்டுமாம். சுவரில் ஒரு பெரிய மீன் எலும்புக்கூடு வரைந்து, ஆறு முள்ளில் ஆறு காரணம் எழுதியிருந்தார்: மனிதன், இயந்திரம், பொருள், முறை, அளவு, சூழல்.

"மீனு எங்க சார்?" என்று கேட்டார் அரத்தண்ணன்.

"சதை தேவையில்ல. நமக்கு முள்ளு போதும்" என்றார் தர அதிகாரி. "ஆனா பாருங்க, சூழல் முள்ளுல ஒண்ணுமே தொங்கல. ஈரத்தால கெட்டது ரெண்டு குடுங்க."

இப்படியாக, தரம் வந்த ஆறாவது வாரத்தில், ஏழாம் மேசையில் கெட்ட பூட்டு செய்யும் வேலை ஆரம்பமானது.

ஆரம்பமானதே தவிர, நடக்கவில்லை. அரத்தண்ணனுக்குக் கை வரமாட்டேன் என்றது. கெடுக்கிறேன் என்று அரத்தை எடுப்பார். கை தன்பாட்டுக்குச் சரியான இடத்தில் இழுத்துவிடும். சாவியக்கா சுண்டுவிரலால் திருப்புவாள், வெண்ணெய் மாதிரித் திறக்கும். இரண்டு பூட்டை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார். பித்தளை, குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளத்தது. ஒரு நல்ல பூட்டு அவருக்கு நாலு நிமிஷ வேலை. ஒரு கெட்ட பூட்டுக்கு முக்கால் மணி. "என் வாழ்க்கையில இப்படி ஒரு கஷ்டமான வேலை செஞ்சதில்லக்கா" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பட்டறையில் வேலை தேங்கியது, நல்ல பூட்டுகள் சோதனைக்கு வரிசையில் காத்துக் கிடந்தன.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஒரு பூட்டை மேசையின் குறுக்கே தள்ளினார். சாவியக்கா அதைச் சோதித்துப் பார்த்து வாயைப் பிளந்தாள். தானாக மூடிக்கொள்ளும் பூட்டு அது. அமுக்கினால் அழகாகக் 'க்ளிக்' என்று நாக்கை நீட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எந்தச் சாவியைப் போட்டாலும் சாவி மட்டும் சுகமாகச் சுற்றும். நாக்கு அசையவே அசையாது.

"அண்ணே, இது அக்கிரமம்ணே."

"உள்ள சாவி கவ்வுற காடியை வழிச்சுவிட்டுட்டேன்" என்றார். கவலையோடு சொன்னாரா, பெருமையோடு சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்காட்சி என்பதால் மெருகுப் பிரிவில் கொடுத்துப் பளபளப்பாக்கி, அலமாரியின் நடுவில் வைத்தார்கள்.

தணிக்கை நாளும் வந்தது. காலை எட்டு மணிக்குத் தர அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாடியில் இருந்த கூட்ட அறைக் கதவில் இத்தனை வருஷமாக வேறு கம்பெனிப் பூட்டு! தணிக்கையாளர் பார்த்தால் மானம் போகாதா? அரக்கப் பரக்க ஓடி, அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே எது நன்றாக மின்னுகிறதோ அதை எடுத்துத் தச்சரிடம் கொடுத்து மாட்டச் சொன்னார். மூன்று மாதமாகப் பூட்டைப் பற்றிக் கோடு வரைந்தவர், ஒரு பூட்டில்கூடச் சாவியைப் போட்டுப் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை.

கறுப்புப் பட்டைக்காரர் பத்து மணிக்கு வந்தார். அறுபது வயது, ஒல்லி உடம்பு, சத்தமில்லாத பேச்சு. பட்டை எதுவும் கட்டியிருக்கவில்லை என்று பலருக்கு ஏமாற்றம். அவர், முதலாளி, தர அதிகாரி, மெருகுப் பிரிவுத் தலைவர், இன்னும் இரண்டு மேலாளர்கள் என ஆறு பேர் கூட்ட அறைக்குள் போனார்கள். கூட்ட ஒழுக்க விதிப்படி கைபேசிகளை வெளியே இருந்த கூடையில் போட்டார்கள். கதவு சாத்தியது. க்ளிக்.

வெளியே பெஞ்சில் சாவியக்காவும் அரத்தண்ணனும். மாதிரி மேசை என்று காட்டுவதற்காக அழைத்து உட்காரவைத்திருந்தார்கள். அந்தக் 'க்ளிக்'கைக் கேட்டதும் அரத்தண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"அக்கா... இது நம்மளுது."

"எதுண்ணே?"

"செவ்வாய்க்கிழமை செஞ்சது."

சாவியக்கா கதவுவரை போனாள். கதவைத் தட்டிச் சொல்லலாம் என்றால், கூட்டம் நடக்கும்போது தட்டக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. பதினொன்றரைக்கு உள்ளேயிருந்து கைப்பிடி ஆடியது. அப்புறம் பலமாக ஆடியது. அப்புறம் தட்டினார்கள்.

"யாராவது இருக்கீங்களா?" தர அதிகாரியின் குரல்.

"நான் இருக்கேன் சார். சாவி சுத்துதா?"

"சுத்துதும்மா, ரொம்ப நல்லா சுத்துது!"

"நாக்கு அசையுதா சார்?"

"யாரு நாக்கு?"

சாவியக்கா கண்ணை மூடித் திறந்தாள். "அண்ணன்கிட்ட மெல்லிசா ஒரு பிளேடு இருக்கு சார். இந்தப் பக்கமிருந்து இடுக்குல விட்டா ரெண்டே நிமிஷம்."

"தொடாதீங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு அலறல். "பதிவு பண்ணாம சரி பண்ணினா அது தரமில்லம்மா, அராஜகம்! தணிக்கையாளர் முன்னாடியே அப்படிப் பண்ணுவோமா?"

கதவுக்கு அடியில் ஒரு தாள் நழுவி வந்தது. குறை திருத்தப் படிவம். குறையைக் கண்டவர் கையெழுத்து, காரணத்தைக் கண்டவர் கையெழுத்து, திருத்துவதைப் பக்கத்தில் நின்று மேற்பார்வையிட்ட அதிகாரி கையெழுத்து. சாவியக்கா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சார், மூணாவது கையெழுத்துக்கு அதிகாரி இந்தப் பக்கம் நிக்கணுமே?" என்றாள்.

"அதிகாரிங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்" என்றார் தர அதிகாரி.

"அதுக்குக் கதவைத் திறக்கணுமே சார்?"

"திறக்க அந்தக் கையெழுத்து வேணுமே!"

மணி பன்னிரண்டு. அரை மணியில் சாப்பாட்டு மணி அடிக்கும். வீட்டில் ஒரு கல்யாணக் கோட்டுத் துணி விரித்துக் கிடக்கிறது. சாயங்காலம் போட்டுப் பார்க்க வருவார்கள். சாவியக்கா நெளிந்தாள். உள்ளே, நேரத்தை வீணாக்கக் கூடாது என்று தர அதிகாரி ஐந்து ஏன் முறையை ஆரம்பித்துவிட்டார். எந்தப் பிரச்சினையானாலும் ஐந்து தடவை ஏன் என்று கேட்டால் மூல காரணம் வந்து விழுந்துவிடும் என்பது அவர் பாடத்தில் முதல் அத்தியாயம். கதவு வழியாக எல்லாம் துல்லியமாகக் கேட்டது.

"முதல் ஏன்! நாம ஏன் மாட்டிக்கிட்டோம்?"

"கதவு பூட்டிக்கிச்சு" என்றார் மெருகுப் பிரிவுத் தலைவர்.

"அருமை. ரெண்டாவது ஏன்! ஏன் பூட்டிக்கிச்சு?"

"பூட்டு மாத்தினோம்."

"ஏன் மாத்தினோம்?"

"தணிக்கை வருதுன்னு."

"நாலாவது! தணிக்கை ஏன் வந்தது?"

"நம்ம தரம் உசந்துதான்னு பாக்க."

"கடைசி ஏன்! தரத்தை ஏன் பாக்கணும்?"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. அப்புறம் கறுப்புப் பட்டைக்காரரின் மெல்லிய குரல் வந்தது. "தரப் பிரிவு இருக்கிறதால."

எழுதுகோல் ஓடும் சத்தம் பாதியில் நின்றது. "ஆறாவதா ஒரு ஏன் கேக்கலாமா சார்?" என்று தர அதிகாரி கெஞ்சினார். "விதிப்படி அஞ்சுதான்" என்றது மெல்லிய குரல்.

அந்த நேரத்தில்தான் முதலாளி கதவோடு வாயை வைத்துப் பேசினார். அதுவரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. காலை முதல் விருந்தாளிக்குக் கம்பெனி கொடுக்கிறேன் என்று நாலு டீ குடித்திருந்தார்.

"சாவியக்கா... அம்மா... நீங்க திறந்துடுங்கம்மா."

"ஐயா, இன்னும் மூல காரணத்தை உறுதி பண்ணல..." என்றார் தர அதிகாரி.

"யோவ், என் அவசரத்துக்கு மூல காரணம் எனக்குத் தெரியும்யா! திறங்கம்மா!"

அரத்தண்ணன் பிளேடை இடுக்கில் விட்டு, நாக்கின் சரிவைத் தேடி அமுக்கினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கதவு திறந்ததும் முதலாளி யாரையும் பார்க்காமல் நடைகூடத்தில் ஓடினார். அந்தத் தொழிற்சாலையில் இவ்வளவு வேகமாக ஒரு முன்னேற்றத்தை அதுவரை யாரும் கண்டதில்லை.

கறுப்புப் பட்டைக்காரர் நின்று பூட்டைத் தடவிப் பார்த்தார். "இதை யாரு செஞ்சது?"

"விசாரணைக் குழு அமைக்கிறோம் சார்" என்றார் தர அதிகாரி அவசரமாக.

"குழுவெல்லாம் எதுக்கு சார்? நாங்கதான்" என்றாள் சாவியக்கா. மூன்று மாதமாக அடைத்துக் கிடந்தது மடை திறந்துகொண்டது. "நல்லதாத்தான் செஞ்சுகிட்டிருந்தோம். நல்லதை எழுத இடமில்லைன்னாங்க. கெட்டது கேட்டாங்க, பொத்தானை எண்ணி எழுதினோம். அப்புறம் பொருளாவே வேணும்னாங்க. அண்ணன் முக்கால் மணி உக்காந்து ஒவ்வொண்ணா கெடுத்தாரு. பதினெட்டு வருஷத்துல என் கையைத் தாண்டி ஒரு கெட்ட பூட்டு வெளிய போனதில்ல சார். இன்னிக்கு உங்க முன்னாடியே போயிருக்கு. எனக்கு அழுகையா வருது. கிடங்குக்குப் போன்னா போறேன், ஆனா இதைச் சொல்லாம போகமாட்டேன்."

தர அதிகாரி சுவரோடு சாய்ந்துகொண்டார். கறுப்புப் பட்டைக்காரர் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து இருவரும் கீழே இறங்கி ஏழாம் மேசைக்கு வந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. சாவியக்கா உடனே வீட்டுக்கு ஓடவில்லை; மேசையைத் துடைத்தாள். அரத்தண்ணன் தன் அரங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

மேசையின்மேல் ஒரு நிழல் விழுந்தது. கறுப்புப் பட்டைக்காரர் தனியாக வந்திருந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"நாப்பது தொழிற்சாலை பாத்துட்டேம்மா. எல்லா இடத்துலயும் கோடு கீழதான் போகுது" என்றார். அப்புறம் குரலை இன்னும் தாழ்த்தினார். "என் வீட்டு வாசக்கதவுப் பூட்டு ஆறு மாசமா படுத்துது. தோளைக் குடுத்துத்தான் திறக்கிறேன். உங்ககிட்ட... இந்த முன்னேற்றத்துக்கு முந்தி செஞ்சது ஏதாவது ஒண்ணு இருக்குமா?"

சாவியக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இழுப்பறையை நீக்கி, ஒரு பூட்டை எடுத்தாள். மூன்று சாவியையும் போட்டுக் காட்டினாள். அப்புறம் அவர் கையிலேயே கொடுத்து, சுண்டுவிரலால் திருப்பச் சொன்னாள். திறந்தது. அவர் மறுபடி பூட்டித் திறந்தார். மறுபடியும் பூட்டித் திறந்தார். விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி அவர் முகம் மலர்ந்துபோனது.

"எடுத்துக்கங்க சார். ஆனா ஒரு விஷயம். பத்து வருஷம் கழிச்சு இது முரண்டு பிடிச்சா, எங்க கொண்டு வருவீங்க? அட்டைப்பெட்டிக் கிடங்குல அரம் கிடையாது."

அவர் பூட்டைப் பார்த்தார். அரத்தண்ணன் பாதி சுற்றிவைத்திருந்த துணியைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்து, அங்கேயே அறிக்கையை எழுதினார். மேலே இருந்து மூச்சு வாங்க ஓடிவந்த தர அதிகாரி அதை வாங்கி உரக்கப் படித்தார். 'ஏழாம் மேசை, கோரப்பட்ட குறையைக் கோரப்பட்ட அளவில் வழங்கும் முழுக் கட்டுப்பாட்டை எட்டியுள்ளது. இதற்கு மேலும் இதை முன்னேற்றுவது நிறுவனத்துக்கு ஆபத்து. மேசையும் ஆட்களும் இருந்தபடியே இருக்க வேண்டும். எவரும் எண்ணவோ வரையவோ வேண்டாம்.'

"முழுக் கட்டுப்பாடு!" தர அதிகாரிக்குச் சந்தோஷத்தில் நாலு பேனாவும் கீழே விழுந்தன. "என் பிரிவுக்குக் கிடைச்ச முதல் முழுக் கட்டுப்பாடு! இதைக் காட்டியே நான் கறுப்புப் பட்டை வாங்கிடுவேன்!" அறிக்கையை நகலெடுக்க ஓடினார். அரத்தண்ணன் துணியைப் பிரித்து அரங்களைப் பழையபடி அடுக்கிவைத்தார்.

சாவியக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரத்தில் பாதி போய்விட்டது. தையல்காரர் கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"எங்க மேசையை இனிமே யாரும் முன்னேத்தக் கூடாதாம். எழுதியே குடுத்துட்டாரு" என்றாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவருக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்த ஆள் அதைக் காட்டிக்கொள்வாரா? "மூணு மாசம் முக்கி, இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கீங்க. பெரிய படிப்புதான்" என்றார். "சரி, கத்தரியை எடு. இடுப்பு நாப்பத்திரெண்டு."

அவள் துணியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கத்தரியை விரித்தாள். "சராசரியாங்க?"

"மாப்பிள்ளை ஒருத்தன்தான்டி. வெட்டு."